மகளின் ஸ்கூட்டியை 40இல் கட்டி வைக்கலாமா?

வாசகர் கேள்வி:

என் மகளுக்கு 19 வயது. பம்பலப்பிட்டியில் கணக்கியல் வகுப்புக்குப் போய்வர என் தம்பி தான் ஓடிய 110 சிசி ஸ்கூட்டியைக் கொடுத்திருக்கிறான். கணவர் டோஹாவில் வேலை. வீட்டில் நானும் அவளும்தான். பிள்ளை கவனமாக ஓடுகிறாள் என்று நம்பியிருந்தேன். போன கிழமை அவளுடைய சிநேகிதி பின் சீட்டில் இருந்து எடுத்த வீடியோ ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டது. மரைன் டிரைவில் போகிறார்கள், மீற்றரில் 78. அன்றிலிருந்து அவள் வந்து சேரும்வரை நான் பல்கனியிலேயே நிற்கிறேன். அவளுக்குத் தெரியாமல், வண்டி 40க்கு மேல் போகாதபடி செய்ய முடியுமா? சைலன்சருக்குள் ஓட்டை போட்ட தகடு ஒன்றை வைத்தால் போதும் என்று பக்கத்து வீட்டு ஐயா சொல்கிறார். – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி,

வேகத்தைக் குறைக்க முடியும். பெரிய வேலையும் இல்லை, வண்டியும் கெடாது. ஆனால் மகளுக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன். 40இல் நிறுத்த மாட்டேன். சைலன்சரில் கை வைக்கவே மாட்டேன். மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன். முதலாவதுக்குக் காரணம் நானே செய்த ஒரு பிழை.

கொட்டாஞ்சேனையில் கராஜ் தொடங்கிய புதிதில் ஒரு தகப்பன் வந்தார். மகன் பறக்கிறான், அவனிடம் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் கட்டிவிடுங்கள் என்றார். நானும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அவர் முகத்தைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன். காபரேட்டரில் த்ரொட்டில் வயர் இழுக்கும் இடத்தில் ஒரு திருகாணியை வைத்து, பாதிக்கு மேல் திறக்காதபடி செய்து அனுப்பினேன். பத்து நிமிட வேலை. நாலாம் நாள் அந்தப் பையன் புளூமெண்டல் வீதியில் ஒரு கண்டெய்னர் லொறியை முந்தப் போயிருக்கிறான். அதே லொறியை அதே இடத்தில் ஒரு கிழமைக்கு முன் முந்தியவன்தான். முறுக்கினால் வண்டி பாயும் என்று அவன் கைக்குத் தெரியும். அன்று முறுக்கியும் பாயவில்லை. லொறியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில், முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர நேரமில்லாமல் மாட்டிக்கொண்டான். எதிரில் ஆட்டோ. லொறிச் சாரதி கண்ணாடியில் கண்டு பிரேக் அடித்தபடியால் பிள்ளை மணிக்கட்டு முறிவோடு தப்பினான். வைத்தியசாலையில் அவன் கேட்டது ஒன்றுதான்: “அங்கிள், வண்டிக்கு என்ன நடந்தது?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஓடுகிறவருக்குத் தெரியாத மாற்றம் வண்டியில் இருக்கவே கூடாது. பிரேக் புதிதாகப் போட்டாலும் “இனி நல்லாப் பிடிக்கும், மெதுவாக அழுத்துங்கள்” என்று சொல்லித்தான் திறப்பைக் கொடுப்பேன். இவ்வளவு வேகத்துக்குள் இந்த இடைவெளிக்குள் புகுந்து வரலாம் என்று ஒவ்வொரு சந்தியிலும் அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறாள். அவளுக்குத் தெரியாமல் நாம் வண்டியை மாற்றினால் அந்தக் கணக்கு பிழைக்கும். பிழைப்பது நடுவீதியில்.

இனி வண்டிக்குள் போவோம். உங்கள் மகளின் ஸ்கூட்டியில் கியர் மாற்றும் வேலையை ஒரு பெல்ட் செய்கிறது. இடது பக்கத்து நீள மூடியைக் கழற்றினால் அது தெரியும். முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவில் அகலமான கறுப்பு பெல்ட். ஒவ்வொரு கப்பியும் சாய்வான முகம் கொண்ட இரண்டு தட்டுகள், எதிரும் புதிருமாக. முன் கப்பியின் உள் தட்டுக்குப் பின்னால் ஆறு உருளைகள் இருக்கும், ரோலர் என்போம். எஞ்சின் சுற்றச் சுற்ற இந்த ரோலர்கள் ராட்டினத்தில் ஏறிய பிள்ளைகள் போல வெளிப்பக்கம் தள்ளப்படும். அப்படித் தள்ளும்போது உள் தட்டை வெளித் தட்டை நோக்கி நெருக்கும். தட்டுகள் நெருங்கினால் நடுவில் இருக்கும் பெல்ட்டுக்கு இடமில்லை, அது விளிம்பை நோக்கி மேலே ஏறும். முன்னால் ஏறினால் பின்னால் இறங்கும். சைக்கிளில் முன் பல்லுச்சக்கரத்தைப் பெரிதாக்கி, பின்னதைச் சின்னதாக்கியது போல. அதுதான் வேகம்.

ஆகவே பெல்ட் கடைசி விளிம்பு வரை ஏறவிடாமல் தடுத்தால் வண்டியின் உச்ச வேகம் குறையும். கப்பியின் நடுவில் உள் தட்டு சறுக்கி ஓடும் ஒரு உருக்குக் குழல் இருக்கிறது. அந்தக் குழலுக்கும் வெளித் தட்டுக்கும் இடையில் ஒரு தடித்த வோஷரைப் போட்டால் இரண்டு தட்டும் முழுதாக நெருங்காது. தட்டுகளின் சாய்வை வைத்துப் பார்த்தால், வோஷரில் 1 மில்லிமீற்றர் கூட்டினால் பெல்ட் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் கீழேயே நின்றுவிடும். 2 மில்லிமீற்றர் வோஷரோடு, 80க்குக் கிட்ட ஓடும் வண்டி 65, 70 அளவுக்கு வரும். 3 போட்டால் 60ஐ ஒட்டி வரும்.

இது நம்மூர்க் கராஜ் பாஸ்மார் கண்டுபிடித்த கைவைத்தியம் அல்ல. ஐரோப்பாவில் 50 சிசி மொபெட் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது என்பது சட்டம். ஜெர்மனியில் 15 வயதுப் பிள்ளை ஓடும் மோஃபா என்ற வகை வண்டிக்கு 25தான் எல்லை. பெல்ட் கப்பியில் இப்படி ஒரு வளையத்தோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் வண்டிகள் அங்கே உண்டு. பாரிஸிலோ பேர்ளினிலோ உங்கள் சொந்தக்காரப் பையன்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த வளையத்தை எப்படிக் கழற்றுவது என்பதுதான் அவர்களுக்கு முதலில் தெரிந்திருக்கும்.

இந்த முறையை நான் விரும்புவதற்குக் காரணம், புறப்படும் பலத்தை இது தொடுவதில்லை. சந்தியில் பச்சை விழுந்ததும் வண்டி முன்பு போலவே எழும்பும். தெஹிவளை மேம்பாலத்தில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டும் ஏறும். மேல் நுனி மட்டும்தான் வெட்டப்படுகிறது. அந்தப் பையனுக்கு நான் வைத்த திருகாணி அப்படி இல்லை. அது பலம் வேண்டிய இடத்தில்தான் பலத்தைப் பிடுங்கும். ஏற்றத்தில், முந்தும்போது, இருவர் இருக்கும்போது வண்டி மூச்சு வாங்கும். வோஷரிலும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். முழுக்க முறுக்கி ஓடினால் எஞ்சின் முன்பைவிட அதிகம் சுற்றும், இரையும், பெற்றோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். முறுக்கியபடியே நீர்கொழும்பு வரை போகிறவருக்கு இது சரிவராது. வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் ஓடும் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும்.

பக்கத்து வீட்டு ஐயா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் எரிந்த புகை வெளியேறும் வழியை அடைத்தால் சூடு எஞ்சினுக்குள்ளேயே நிற்கும். புகை போகும் வால்வு கருகும், எண்ணெய் சீக்கிரம் கெடும், பிள்ளை ஒரு மத்தியான வெயிலில் நடுவீதியில் நின்றுபோன வண்டியோடு நிற்பாள். காற்று வடிகட்டியைத் துணியால் அடைப்பதும் அதே வகைதான். ரோலரை மாற்றினால் வேகம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். ரோலரின் நிறை மாறினால் பெல்ட் எப்போது ஏறும் என்பது மாறுமே தவிர எவ்வளவு ஏறும் என்பது அவ்வளவாக மாறாது.

வேலையை நீங்கள் யாரிடமும் கொடுக்கலாம், என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. ஆனால் பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது வோஷர். உருக்கில், இரண்டு முகமும் சமமாக லேத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் சொல்லிச் செய்விக்கலாம். இரண்டு மூன்று மெல்லிய வோஷரை அடுக்கிப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது, வெளித் தட்டின் உள்வட்டத்தில் இருக்கும் பற்கள் கிராங் தண்டின் பற்களில் வடிவாக உட்கார வேண்டும், அதற்கு மேல் நட்டுக்குப் போதிய புரி மிஞ்ச வேண்டும். வோஷர் தடிக்கத் தடிக்க இந்த இரண்டும் குறைந்துகொண்டே வரும். 3 மில்லிமீற்றருக்கு மேல் நான் போகாததற்கு இதுதான் காரணம். 3 போடும்போதும் அளந்து பார்த்துத்தான் போடுவேன். ஓடும்போது அந்த நட் கழன்றால் பெல்ட் சிக்கிப் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, நட்டைக் கழற்றும்போது கப்பியின் விசிறி இதழுக்குள் திருப்புளியைச் செருகிப் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிப் பிடித்தால் இதழ் உடையும். அதற்கென்று பிடிகருவி இருக்கிறது. இறுக்குவது, எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால், கம்பனி சொன்ன அளவுக்கு.

மூடியைத் திறந்த கையோடு ரோலரையும் பெல்ட்டையும் பார்த்துவிடுவது நல்லது. உங்கள் தம்பி ஓடிய வண்டி என்கிறீர்கள். உள்ளே பெல்ட் அரைத்த கறுப்புத் தூள் மை போலப் படிந்திருக்கும், திறந்ததும் கருகிய ரப்பர் வாசம் வரும். ரோலரை விரல் நுனியில் உருட்டிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியதில் ஒரு பக்கம் தட்டையாகி நகத்தில் தட்டுப்பட்டால் அது தேய்ந்துவிட்டது. பெல்ட்டை வளைத்துப் பார்த்தால் பற்களின் அடியில் வெடிப்புத் தெரியும். இருந்தால் அதையும் மாற்றுங்கள். புது ரோலரும் பெல்ட்டும் போட்ட வண்டி முன்பைவிடக் கூட வேகம் போகும், அதனால் வோஷரின் தடிப்பை இவற்றை மாற்றிய பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, ஏன் 40 இல்லை? கொழும்பு நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் தரும் எல்லை 50. காலி வீதியில் நெரிசல் இல்லாத நேரத்தில் பஸ்கள் என்ன வேகத்தில் ஒன்றையொன்று துரத்துகின்றன என்று பல்கனியில் நிற்கும் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். 40இல் முட்டி நிற்கும் ஸ்கூட்டிக்குப் பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடிக்கும். ஹோல்ட்டில் ஆள் ஏற்ற இடதுபக்கம் வெட்டும் பஸ்ஸின் பக்கத்தில், சாரதியின் கண்ணாடியில் விழாத இடத்தில் மாட்டினால், வெளியே வர ஒரு சின்ன உந்துதல் வேண்டும். அதை அவளிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. 60ஐ ஒட்டி நிறுத்தினால் அந்த உந்துதல் மிஞ்சும், மரைன் டிரைவின் 78உம் இல்லாமல் போகும்.

அந்த 78 பற்றி ஒரு வார்த்தை. மீற்றர் பெரும்பாலும் சற்றுக் கூட்டித்தான் காட்டும், உண்மை வேகம் 70ஐத் தாண்டிக் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதற்காக உங்கள் பயம் பிழை என்று சொல்லவில்லை. காய்ந்த வீதியில், நல்ல பிரேக்கோடு, ஒன்றைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் ஆகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 40இல் ஓடினால் வண்டி நிற்க 21 மீற்றர் வேண்டும், இரண்டு பஸ் நீளம். 60இல் 40 மீற்றர், அதாவது நாலு பஸ் அளவு. உண்மையிலேயே 78இல் போனால் 60 மீற்றர். வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு. இந்த மூன்று எண்ணையும் மகளிடம் சொல்லுங்கள். இன்னும் நல்லது, தரையில் காட்டுங்கள்.

எப்படிக் காட்டுவது? ஞாயிறு விடிய ஆறு மணிக்கு, வாகனமில்லாத ஒரு இடத்தில், சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அவள் 30இல் வந்து கோட்டில் முன்சக்கரம் பட்டதும் பிரேக் பிடிக்கட்டும். நின்ற இடத்தில் இன்னொரு கோடு. பத்துத் தரம் செய்யட்டும். முதலில் பின்சக்கரத்துக்கான இடது கைப் பிரேக்கை மட்டும் பிடிப்பாள் என்று நான் பந்தயமே கட்டுவேன். எங்கள் பெண் பிள்ளைகளுக்கு ஸ்கூட்டி பழக்குகிறவர்கள் “வலது கைப் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். என் கராஜுக்கு விழுந்து வரும் ஸ்கூட்டிகளில் பாதிக்கு மேல் இந்தப் போதனையின் விளைவு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாயும், ஆகவே அதிகம் நிறுத்துவது முன்சக்கரம்தான். பின்னதை மட்டும் அழுத்தினால் மழையில் அது பூட்டிக்கொண்டு வால் ஒரு பக்கம் ஓடும். இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிவது போல மெல்ல ஆரம்பித்து இறுக்க வேண்டும். பத்தாவது தடவை கோடு எவ்வளவு கிட்ட வருகிறது என்று அவளே பார்ப்பாள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், சகோதரி. உங்கள் பயத்துக்கும் அது மருந்து.

உண்மையைச் சொன்னால், கொழும்புக்குள் விழுந்து என்னிடம் வரும் ஸ்கூட்டிகள் பெரும்பாலும் 30, 40இல் விழுந்தவை. நிறுத்தியிருந்த காரின் கதவு திறந்தது. ஆட்டோ சிக்னல் போடாமல் திரும்பியது. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் மஞ்சள் கோட்டில் பிரேக் பிடித்தது. நாரஹேன்பிட்டியில், நுகேகொடையில் ரயில் தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்து டயர் வழுக்கியது. இதில் எதையும் வோஷர் தடுக்காது. தண்டவாளத்தை நேர்குத்தாகக் கடக்க வேண்டும், நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவகலம் தள்ளிப் போக வேண்டும் என்பதை அவளோடு இருந்து கதைத்துத்தான் பழக்க வேண்டும். என்னிடம் செலவுக்கு ஒரு தொகை இருந்தால் முதலில் நல்ல முன் டயருக்கும், பிரேக் ஷூவுக்கும், தாடை மூடும் ஹெல்மெட்டுக்கும் கொடுப்பேன். வோஷர் அதற்குப் பிறகு. வீடியோ எடுத்த சிநேகிதியின் தலையில் ஹெல்மெட் இருந்ததா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அவசரமாக: மகளின் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஏ1 என்ற வகுப்பு 100 சிசி வரைதான். 110 சிசிக்கு ஏ வகுப்பு வேண்டும். ஏ1 மட்டும் வைத்துக்கொண்டு இந்த வண்டியை ஓடினால் பொலிஸ் தண்டம் ஒரு பக்கம், விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் அது காரணமாகலாம். வோஷர் போடுவதையும் காப்புறுதிக்காரருக்கு ஒரு கடிதத்தில் அறிவித்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

40தான் வேண்டும், அதற்கு மேல் மனம் ஒப்பவில்லை என்றால், இந்த வண்டியைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மின்சார ஸ்கூட்டரைப் பாருங்கள். அவற்றில் பலவற்றுக்கு வேகப் படிகள் உண்டு. கட்டுப்படுத்துவது மின்சாரம் என்பதால் எஞ்சின் சூடாவது, கூடச் சுற்றுவது என்ற தொல்லை இல்லை. 110 சிசி பெற்றோல் வண்டியை 40க்கு இறக்குவது வேறு கதை. வோஷரால் மட்டும் அது முடியாது, பழையபடி திருகாணியில் போய்த்தான் நிற்கும்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். வீடியோவைப் பார்த்ததை மறைக்காதீர்கள். “பார்த்தேன், அன்றிலிருந்து பல்கனியில் நிற்கிறேன்” என்று எனக்கு எழுதியதை அவளிடமே சொல்லுங்கள். 19 வயது, கணக்கியல் படிக்கிற பிள்ளை. 21, 40, 60 என்ற எண்களை உங்களைவிட வேகமாக விளங்கிக்கொள்வாள். அவள் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து வண்டியைக் கொண்டு வாருங்கள். சம்மதிக்காவிட்டால் வோஷரை விடுங்கள், ஞாயிறு காலைக் கோடுகளை மட்டும் போடுங்கள்.

வருவதென்றால் காலையில் வாருங்கள், வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறப்பது லேசு. வோஷரைப் போடுவதற்கு முன் அவள் கையில் கொடுப்பேன். போட்டபின் முதல் ஓட்டம் நான் ஓடுவேன், இரண்டாவது அவள், பக்கத்து ஒழுங்கைக்குள் முழுக்க முறுக்காமல். 500 கிலோமீற்றர் ஓடியதும் நட்டின் இறுக்கத்தை ஒருதரம் சரிபார்க்க வேண்டும், அதற்கு அவளைத் தனியாகவே அனுப்புங்கள்.